மிதிவண்டி மன்னர்கள் – 8: ஹெர்குலிஸ் அம்பத்தூருக்கு வந்த கதை

“சார், அந்த வெள்ளைக்காரன் தப்பிச்சானா இல்லையா? அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க” என்று செம்பாக்கம் பால் பூத் வாசலில் ஒரு வாசகர் மறித்துக்கொண்டார். சென்ற வாரம் எட்மண்ட் கிரேனைக் கடன்காரர்கள் நடுவில் நிறுத்திவிட்டுத் ‘தொடரும்’ போட்டதன் பலன்.

தப்பித்தார். தப்பித்த விதம்தான் சுவாரசியம்.

அப்பாவும் பிள்ளையுமாக நடத்திய சைக்கிள் தொழில் திவாலான பிறகு, வேறு யாராக இருந்தாலும் சைக்கிள் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார்கள். கிரேன் தன் சகோதரர் ஹாரியைச் சேர்த்துக்கொண்டு 1910 செப்டம்பர் 9 அன்று மறுபடியும் சைக்கிளிலேயே இறங்கினார். புதுக் கம்பெனிக்கு வைத்த பெயர் ஹெர்குலிஸ். கிரேக்கப் புராணத்தில் வெறுங்கையால் சிங்கத்தைக் கொன்ற பலசாலி. கையில் காசில்லாதவர் வைத்த பெயரைப் பாருங்கள்!

தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள முதலில் ஒன்றும் கிடையாது. பர்மிங்ஹாமில், வாங்கிய பாகங்களைப் பூட்டி விற்கிற சின்னப் பட்டறை. இங்கேதான் பர்மிங்ஹாம் என்ற ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆள் இருந்தார். தோல் சீட்டுக்கு புரூக்ஸ். விளக்குக்கு லூகாஸ். செயினுக்கும் ஹப்புக்கும் பெர்ரி. குழாய்க்குப் பக்கத்து ஓல்ட்பரியில் ஆக்கிள்ஸ் அண்ட் பாலக். பெடல், மணி, ஸ்போக்ஸ் கம்பி என்று சில்லறைச் சாமான்களுக்குச் சந்துக்குச் சந்து பட்டறைகள். முதல் போட்டுப் பெரிய யந்திரம் எதுவும் வாங்காமல், இந்தத் தெருக்களைச் சுற்றி வந்தே ஒருவர் சைக்கிள் கம்பெனி முதலாளி ஆகிவிடலாம். திவாலான ஒரு மனிதருக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது அதனால்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் ஓடப்போகிறது.

கிரேன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் பார்த்த ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் ‘ரோவர்’ சைக்கிளை இறக்கியபோதே வண்டியின் உருவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு சம சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின், நடுவே சட்டம். 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் சேர்த்தார். மிச்சம் இருந்தது விலை. ஆலைத் தொழிலாளி வாங்குகிற விலைக்குச் சைக்கிளைக் கொண்டுவருவதுதான் கிரேன் எடுத்துக்கொண்ட வேலை. மாடல்களைக் குறைத்தார், எண்ணிக்கையை ஏற்றினார், விலையை வெட்டினார். போட்டியாளர்கள் முகம் சுளித்தார்கள். ‘மலிவுச் சரக்கு’ என்றார்கள். அந்த மலிவுச் சரக்குதான் 1939-க்குள் 60 லட்சத்தைத் தொட்டது. உலகத்திலேயே பெரிய சைக்கிள் கம்பெனி நாங்கள்தான் என்று ஹெர்குலிஸ் மார்தட்டிக்கொண்டது. நடுவில் 1935-இல் அரசர் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்திருந்தார்.

அப்படிப்பட்ட சர் எட்மண்ட் கிரேன், 1946-இல் ஒருநாள், 36 ஆண்டுகள் கட்டி எழுப்பிய கம்பெனியை விற்றுவிட்டார்.

விற்றது போட்டிக் கம்பெனியான ராலேயிடம் அல்ல. சைக்கிளை மட்டுமே நம்பிப் பிழைத்த எவரிடமும் அல்ல. வாங்கியவர் ஒரு குழாய்க்காரர்!

*

குழாய்க்காரருக்குச் சைக்கிள் எதற்கு?

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஹேண்டில் பார், ஃபோர்க், சீட்டுக்கு அடியில் போகும் தண்டு, காலுக்கு நடுவே வரும் பார் எல்லாமே குழாய். அன்றைக்கு எஃகுக் குழாய் உருட்டுகிறவனுக்குச் சைக்கிள்காரனைவிடப் பெரிய வாடிக்கை குறைவு. 1919-இல் நான்கைந்து குழாய்க் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்று ஆயின. சுருக்கமாக டி.ஐ. நாம் மேலே பார்த்த ஆக்கிள்ஸ் அண்ட் பாலக்கும் அதில் ஒன்று. 1928-இல் ரெனால்ட்ஸும் இந்த வலைக்குள் வந்தது. பந்தய சைக்கிள்காரர்கள் இன்றும் பக்தியோடு உச்சரிக்கிற ‘531’ குழாய் 1935-இல் அவர்கள் செய்தது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க ஒரே வழி வாடிக்கையாளரையே வாங்கிவிடுவது. பிலிப்ஸ் என்ற சைக்கிள் கம்பெனியை ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். 1946-இல் ஹெர்குலிஸும் வந்தது.

அப்போது டி.ஐ.யின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட். இந்தப் பெயரை அம்பத்தூர்க்காரர்கள் இந்நேரம் பிடித்திருப்பார்கள். பொறுங்கள், வருகிறேன்.

ஸ்டெட்ஃபோர்டின் மேஜையில் ஒரு தலைவலி இருந்தது. பிரிட்டிஷ் சைக்கிள் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிய நாடுகளில் இந்தியா முக்கியமானது. 1947-இல் அது விடுதலை வாங்கிவிட்டது. உள்நாட்டில் சைக்கிள் செய்ய வேண்டும், இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று டில்லி பேச ஆரம்பித்துவிட்டது. பம்பாயில் பிர்லாவின் ஹிந்த் சைக்கிள்ஸ் விடுதலைக்கு முந்தியே தொடங்கியிருந்தது. ராலே, கல்கத்தாவில் சென் அண்ட் பண்டிட் கம்பெனியோடு கைகோத்து ஆசன்சோல் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருந்தது. சரக்கை அனுப்ப முடியாத இடத்துக்குத் தொழிற்சாலையைத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு உள்ளூரில் ஒரு கூட்டாளி வேண்டும்: பணம் இருக்க வேண்டும், சொன்ன சொல் நிற்க வேண்டும்.

அந்தக் கூட்டாளியைத் தேடி நாம் பர்மிங்ஹாமை விட்டு வெகுதூரம், பர்மாவுக்குப் போக வேண்டும். ஐம்பது வருஷம் பின்னாலும்.

*

1898. காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரிலிருந்து பதினாலு வயதுப் பையன் ஒருவன் பர்மாவுக்குக் கப்பலேறினான். பெயர் முருகப்பன். நகரத்தார் வீடுகளில் அது அன்றாட நடைமுறை. பையன் மீசை முளைக்கும் முன்னே உறவினர் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்கெழுதக் கற்பான், நாணயம் பார்க்கக் கற்பான், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லக் கற்பான். இரண்டே ஆண்டில், 1900-இல், மௌல்மீனில் முருகப்பச் செட்டியாரின் லேவாதேவித் தொழில் தொடங்கியது. பின்னாளில் திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார். இலங்கை, மலேயா என்று தொழில் பரவியது.

பர்மாவில் செட்டியார்களின் கதை இரண்டு எண்களில் அடங்கிவிடும். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937-இல் சுமார் 25 சதவீதம். ஏழே ஆண்டில் நாலு மடங்கு! பார்க்கிறவர்களுக்கு இது கொள்ளை லாபம் போலத் தெரியும். உள்ளே நடந்தது தலைகீழ். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது; கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை; அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் தலையில் வந்து விழுந்தது. பணமாக இருந்தது மண்ணாக மாறிவிட்டது. பணத்தை உண்டியல் எழுதி ஊருக்கு அனுப்பலாம். பர்மா வயலை எந்தக் கப்பலில் ஏற்றுவது? போதாக்குறைக்கு 1930-இலும் 1938-இலும் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள்.

முருகப்பச் செட்டியார் குடும்பம் 1930-களிலேயே காற்று வீசும் திசையைப் பார்த்துவிட்டது. சொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தியாவுக்குத் திருப்பியது. எவ்வளவு சரியான முடிவு என்பது 1941 டிசம்பர் 23 அன்று தெரிந்தது. ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. 1942 ஜனவரி முடிவதற்குள் மௌல்மீன் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பத்திரங்களை மட்டும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கால்நடையாக அஸ்ஸாம் காட்டுவழி வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பத்திரங்கள் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் வெகுகாலம் கிடந்தன, தம்படிக்குப் பிரயோசனமில்லாமல்.

இங்கே ஒன்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் கைசுட்ட நகரத்தார் பலர், இந்தியா திரும்பியதும் பஞ்சாலை, வங்கி, சினிமா ஸ்டூடியோ என்று வேறு வேறு பக்கம் போனார்கள். முருகப்பா குடும்பம் இரும்பைப் பிடித்தது. ஸ்டீல் ஃபர்னிச்சர், உப்புத்தாள் என்று சின்னதாகத் தொடங்கினார்கள். வட்டித் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத சரக்கைக் கையாண்டு பழகிய குடும்பம், கையால் தொட்டுப் பார்க்கிற, தூக்கிப் பார்த்தால் கனக்கிற சரக்கை நோக்கிப் போனதில் ஒரு தீர்மானம் தெரிகிறது.

திவான் பகதூரின் மூத்த மகன் ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியாரும் இளையவர் ஏ.எம்.எம். அருணாசலமும் அடுத்துத் தொட்டது சைக்கிள். 1949-இல் மதராஸில் ஒரு கம்பெனி பதிவானது: டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா. ஒருபக்கம் பர்மிங்ஹாம் குழாய்க்காரர்கள், மறுபக்கம் பள்ளத்தூர்ச் செட்டியார்கள். தலைவராக உட்கார்ந்தவர் சர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஐ.நா. சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக இருந்தவர்; மைசூர் திவானாக இருந்தவர். சைக்கிள் கம்பெனிக்கு இவ்வளவு பெரிய மனிதரா என்று கேட்கத் தோன்றும். லைசென்ஸ் வாங்க டில்லி, சரக்கு வாங்க லண்டன் என்று இரண்டு ஊரிலும் கதவு திறக்கிற முகம் வேண்டுமே!

கம்பெனி ரெடி. பெயர் ரெடி. பணம் ரெடி. இடம் பார்த்தார்கள். அங்கேதான் கிரேனுக்கு வராத சிக்கல் ஒன்று செட்டியார்களுக்கு வந்தது.

*

அம்பத்தூர் அப்போது ஏரியும் வயலும். அரக்கோணம் போகிற ரயில் பாதை ஓரமாக ஒரு கிராமம். இன்று பாடியிலிருந்து ஆவடி வரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதைக் கற்பனை செய்யவே வராது.

கிரேனுக்கு செயின் வேண்டுமென்றால் பெர்ரியிடம் போனார். அம்பத்தூரில் செயின் வேண்டுமென்றால்? வயலில் நின்று கூப்பிட்டால் தவளைதான் பதில் சொல்லும். பர்மிங்ஹாமில் ஒரு தெருவாக இருந்ததெல்லாம் இங்கே ஒரு கப்பலாக வர வேண்டியிருந்தது. குழாய் கப்பலில், யந்திரம் கப்பலில். இப்படிச் செய்தால் அது சைக்கிள் தொழிற்சாலை அல்ல, பூட்டுகிற கொட்டகை.

1951-இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வரத் தொடங்கியது. அதே ஆண்டில் வடக்கே சோனிபட்டில் ஜானகி தாஸ் கபூரின் அட்லஸ் தொடங்கியது. ஆசன்சோலில் சென்-ராலேயும் கூடவே. இந்தியச் சைக்கிளின் பெரிய தலைகள் மூன்றும் முன்பின்னாக ஒரே சமயத்தில் பிறந்தவை.

ஒரு சட்டம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். குழாயை அளவாக வெட்டுவார்கள். குழாயும் குழாயும் சந்திக்கிற இடத்தில் ‘லக்’ என்கிற வார்ப்பு மூட்டு. அதற்குள் குழாயைச் செருகி, சூடேற்றி, பித்தளையை உருக விடுவார்கள். பித்தளை தண்ணீர்போல இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் சட்டத்தைச் சமதளத்தில் கிடத்திக் கோட்டம் பார்ப்பார்கள். சூட்டில் எஃகு கொஞ்சமாவது நெளியாமல் இருக்காது. அப்புறம் துரு பிடிக்காமல் ஒரு குளியல், அதன்மேல் கறுப்பு எனாமல், அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பு. கடைசியில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. அந்தக் கோட்டைக் கைதேர்ந்த ஆள் தூரிகையால் ஒரே இழுப்பில் போடுவார். கை நடுங்கினால் வண்டி திரும்பப் போகும்.

இந்த வண்டியின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் பார்க்கிற பந்தய சைக்கிள் நிமிர்ந்து விறைப்பாக இருக்கும். நம் ரோட்ஸ்டர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். முன் ஃபோர்க் நன்றாக முன்னுக்கு வளைந்திருக்கும். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சியை ஃபோர்க் பாதி விழுங்கிக்கொள்ளும். வேகம் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகம் யாருக்கு வேண்டும்? இங்கிலாந்தில் இதே ஹெர்குலிஸுக்காக 1954-இல் ஐலீன் ஷெரிடன் என்ற பெண், நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து வடகோடி வரை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டரை 2 நாள் 11 மணி 7 நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினார். ஐந்தடி உயரம்கூட இல்லாத அம்மாள்! அது விளம்பரத்துக்கு. இங்கே வண்டி சம்பாதிக்க வேண்டும்.

*

எங்கே சம்பாதித்தது என்று பார்க்க நம் பக்கத்துக்கே வரலாம்.

தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இலேயே வந்துவிட்டது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிவந்தது. குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலை. 1949-இல் அதன் அருகே எம்.ஐ.டி. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், ரயில்வே. ஆக வேலை இருந்தது, ரயில் இருந்தது. இல்லாதது ரயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள நாலைந்து கிலோமீட்டர். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் எல்லாம் அப்போது ஏரியை நம்பி விவசாயம் செய்த ஊர்கள். விடிகாலையில் கேம்ப் ரோடு வழியாக ஸ்டேஷனுக்கு மிதிப்பது, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வாங்குவது, ராத்திரி திரும்பும்போது டைனமோ வெளிச்சத்தில் மண் ரோட்டைத் துழாவி வருவது என்று ஒரு தலைமுறையின் வாழ்க்கையே அந்த நாலைந்து கிலோமீட்டரில் போனது. பஞ்சாயத்தில் வருஷா வருஷம் லைசென்ஸ் வில்லை வாங்க வேண்டும். லைட் இல்லாமலோ டபுள்ஸிலோ போய் மாட்டினால் போலீஸ்காரர் வால்டியூபைப் பிடுங்கிக்கொள்வார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

முன் பாரில் ஒரு பிள்ளை, கேரியரில் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. அல்லது இரண்டு பக்கமும் பால் கேன். அல்லது ஒரு மூட்டை அரிசி, அதன்மேல் கீரைக்கட்டு. வீட்டில் சின்னப் பையன்கள் சீட்டு எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகுவதும் இதே வண்டியில்தான். பர்மிங்ஹாமில் ஒரு ஆளைச் சுமக்கப் போட்ட கணக்கு இது.

அந்தக் கணக்கு எப்படித் தாக்குப்பிடித்தது? எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிற பெரியவர் ஒருநாள் பழைய ஹெர்குலிஸ் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஓவராயிலுக்குக் கொடுத்தது. “எண்ணிப் பாருங்க தம்பி” என்று முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஸ்போக்ஸ் கம்பி 32. பின் சக்கரத்தில் 40. மொத்தம் 72 கம்பி, சரிபாதியாக இல்லை. பாரம் பின்னால்தான் உட்காரும் என்று தெரிந்தவன் போட்ட கணக்கு. ஆங்கிலேய சைக்கிள்களின் பழைய வழக்கம் அது. நம் ஊர்க் கேரியருக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது.

“ரிம்மு போவும், ஹப்பு போவும், பால்ரஸ் தேஞ்சிரும். ஃபிரேமு மட்டும் அப்படியே கெடக்கும்” என்றார். மண்ணெண்ணெயில் ஊறவைத்த செயினை எடுத்து வேட்டித் துணியால் துடைத்தார். கறுப்புப் பிசுக்கு விலகியதும் இணைப்புத் தகட்டில் எழுத்து தெரிந்தது: டைமண்ட். ஓரமாகக் கழற்றி வைத்திருந்த விளக்கில்: மில்லர்.

இரண்டும் அம்பத்தூர்ச் சரக்கு. இந்த இரண்டு பெயருக்குள்தான் செட்டியார்கள் தங்கள் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்ற பதில் இருக்கிறது.

*

பக்கத்துத் தெருவில் பாகம் கிடைக்காவிட்டால் அந்தத் தெருவையே நாம் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார்கள்.

1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இனிக் குழாய் கப்பலில் வர வேண்டாம். 1959-இல் குழாய்க் கம்பெனியும் சைக்கிள் கம்பெனியும் ஒன்றாகி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆயின. 1960-இல் அமெரிக்க டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து செயின் தொழிற்சாலை. பிறகு மில்லர் விளக்கு, டைனமோ. குழாயைத் தேய்க்கவும் பளபளப்பாக்கவும் சாணைக்கல்லும் உப்புத்தாளும் வேண்டும். அதற்கு 1954-இலேயே கார்போரண்டம் யுனிவர்சல். டன்லப்பும் 1959-இல் அம்பத்தூருக்கே வந்து சேர்ந்தது. 1960-களில் அரசு தொழிற்பேட்டையும் வந்துவிட்டது.

கிரேன் தெருவுக்குள் ஒரு கம்பெனியை உட்காரவைத்தார். முருகப்பச் செட்டியாரும் அவர் தம்பியும் ஒரு கம்பெனிக்காகத் தெருவையே வரவழைத்தார்கள். சைக்கிளின் வடிவத்தில் இவர்கள் பெரிதாகக் கைவைக்கவில்லை. இவர்கள் வடிவமைத்தது சைக்கிளைச் சுற்றியிருந்த ஊரை. அதற்கான லாபம் சைக்கிளில் மட்டும் வரவில்லை. சைக்கிளுக்கென்று உருட்டிய குழாயும் கோத்த செயினும் பின்னால் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் போனது. சைக்கிள் விற்பனை மங்கிய காலத்திலும் கம்பெனி நின்றதற்குக் காரணம் இதுதான்.

பர்மிங்ஹாம் கூட்டாளியை அம்பத்தூர் மறக்கவில்லை. 1966-இல் அங்கே திறந்த மருத்துவமனைக்குச் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயர். பள்ளிக்கூடத்துக்குச் சர் ராமசாமி முதலியார் பெயர். ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார் 1965-இல் காலமானார். அவர் பெயரில் 1977-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம் நம் பக்கத்துத் தரமணியில் இருக்கிறது. விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரி அங்கே கிராமத்துக்குப் பயன்படுகிற அறிவியல் என்று மெனக்கெட்டது தனிக் கதை. தனித் தொடராகவே எழுதலாம்.

இந்த இடத்தில் பி.எஸ்.ஏ. ரசிகர்கள் பொறுமை இழந்திருப்பார்கள். ஹெர்குலிஸ் அப்பாவின் வண்டி, பி.எஸ்.ஏ. பிள்ளையின் வண்டி என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தச் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சைக்கிளில் துப்பாக்கி ஏன்? பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. 1957-இல் தன் சைக்கிள் பிரிவை ராலேயிடம் விற்றது. 1960-இல் ராலேயே டி.ஐ.யோடு இணைந்துவிட்டது. பிரிட்டனில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., ராலே எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தாயிற்று. அங்கே கூரை மாறியது, இங்கே அம்பத்தூரில் பெயர்ப்பலகை கூடியது. 1959-இல் பிலிப்ஸ். 1964-இல் பி.எஸ்.ஏ. விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பாக்கிச் சின்னம் செம்பாக்கத்துப் பையனின் ஹேண்டில் பாருக்குக் கீழே வந்து ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், தாய்க் கம்பெனிகள் பர்மிங்ஹாமில் ஒவ்வொன்றாக இளைத்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ்காரர்கள் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கிரேன் 1957-இல் காலமானார். அவர் வைத்த பெயர் அவர் நாட்டைவிட நம் நாட்டில் அதிக நாள் ஓடியது.

ஆக 1960-களின் நடுவில் தெற்கே எதிரி இல்லை. குழாய் சொந்தம், செயின் சொந்தம், விளக்கு சொந்தம், பெயர்கள் மூன்று. அம்பத்தூரை யார் அசைக்க முடியும்?

முடியும் என்று நினைத்தவர்கள் பஞ்சாபில் இருந்தார்கள்.

கமாலியா என்ற ஊர். இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கிருந்து 1944-இல் அமிர்தசரஸுக்கு வந்து சைக்கிள் பாகம் விற்ற சகோதரர்கள் நாலு பேர், பிரிவினைக்குப் பின் லூதியானாவில் நிலைத்தார்கள். செட்டியார்களைப் போல முதலில்லை. சர் பட்டம் வாங்கிய தலைவர் இல்லை. பர்மிங்ஹாம் கூட்டாளி இல்லை. ஆனால் லூதியானாவில், அம்பத்தூரில் இல்லாத ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது: சந்துக்குச் சந்து பட்டறை. ஒருவன் ஃபோர்க் அடித்தான், ஒருவன் ஹேண்டில் பார் வளைத்தான், ஒருவன் பெடல் செய்தான். கிரேன் 1910-இல் பார்த்த அதே பர்மிங்ஹாம், இந்த முறை பஞ்சாபி பேசிக்கொண்டு.

1956-இல் அந்தச் சகோதரர்களுக்கு முழு சைக்கிள் செய்ய லைசென்ஸ் கிடைத்தது. முதல் வருஷம் செய்தது 639 வண்டி. அம்பத்தூரில் யாராவது அந்த எண்ணைக் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். முப்பதே ஆண்டில், 1986-இல், உலகத்திலேயே பெரிய சைக்கிள் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது அந்த 639-தான்.

அந்தக் கம்பெனியின் பெயர் அவர்கள் யோசித்து வைத்தது அல்ல. கரீம் தீன் என்ற சைக்கிள் சீட்டு வியாபாரி பாகிஸ்தானுக்குக் குடிபெயரக் கிளம்பிக்கொண்டிருந்தார். சகோதரர்களில் ஒருவரான ஓம் பிரகாஷ் முஞ்சால் அவரிடம் போய் நின்றார். கடையைக் கேட்கவில்லை, சரக்கைக் கேட்கவில்லை. “நீங்கள் உங்கள் சீட்டுகளில் போடுகிற அந்தப் பெயர் இருக்கிறதே, அதை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா?” என்ற மட்டில் ஒரு கேள்வி.

கரீம் தீன் என்ன சொன்னார்?

(தொடரும்)